மாசாய் மாராவிலிருந்து வந்தால் குழாயில் தண்ணீர் இல்லை

கென்யாவின் மாசாய் மாராவில் குடும்பத்தோடு ஆறு நாள் சிங்கமும் யானையும் பார்த்துவிட்டு, ஜனவரியில் டொராண்டோ திரும்பினோம். வெளியே மைனஸ் 18. கோட்டைக்கூடக் கழற்றாமல் டீ போடலாம் என்று சமையலறைக் குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. குளியலறையில் மட்டும் வந்தது.

தப்பு என்னுடையதுதான். செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டு ஹீட்டரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 10 டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். சிங்க் இருப்பது வெளிச்சுவரை ஒட்டி. அதன் அடியில் போகும் குழாய் உறைந்துவிட்டது. உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும், குழாய் வெடித்தாலும் வெடிக்கும்.

அதனால் முதலில் மெயின் வால்வு சுலபமாக மூடுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். அப்புறம் குழாயைத் திறந்தே விட்டு, சிங்க் அடியில் படுத்து, ஹேர் டிரையரால் குழாய்ப் பக்கத்திலிருந்து சுவரை நோக்கி மெல்லச் சூடாக்கினேன். உருகுகிற தண்ணீர் வெளியேற வழி வேண்டுமே! நெருப்பு மட்டும் காட்டவே கூடாது. முக்கால் மணி நேரம் கழித்து இருமிக்கொண்டே தண்ணீர் வந்தது. எங்கும் கசிவில்லை. நைரோபி நேரப்படி அப்போது விடிகாலை நாலு மணி. கைதட்ட ஆளில்லை, எல்லோரும் சோபாவில் குறட்டை.

இப்போதெல்லாம் ஊருக்குப் போனால் 16 டிகிரி, வீட்டுச் சூடு குழாய்க்கும் போகட்டும் என்று சிங்க் அடிக்கதவும் திறந்தே கிடக்கும்.