நீர்ச்சிக்கனக் குழாய், ஷவர், ஃபிளஷ் டேங்க்: வாங்குமுன் அளந்து பார்க்கும் முறை

நீர்ச்சிக்கன விதிகளில் வரும் எந்த எண்ணும் தனியாக நிற்பதில்லை. எந்த அழுத்தத்தில் அளந்தது என்பதும் கூடவே இருக்கும். அமெரிக்காவின் 1992 எரிசக்திக் கொள்கைச் சட்டம் 1994 முதல் ஷவருக்கு வைத்த உச்சவரம்பு நிமிடத்துக்கு சுமார் 9.5 லிட்டர், அளக்கும் அழுத்தம் 5.5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). வாஷ்பேசின், சமையலறைக் குழாய்களுக்கு அங்கே இப்போதுள்ள வரம்பு 8.3 லிட்டர், 4.1 பாரில். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கோ 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 பார் கிடைக்கும். அப்படிப்பட்ட வீட்டில் இந்த வரம்புக்குச் செய்த ஷவரை மாட்டிவிட்டு "தண்ணீரே வரவில்லை" என்று புலம்புவதில் வியப்பில்லை.

அதனால் முதல் வேலை அழுத்தம். வெளிக்குழாயில் பிரஷர் கேஜ் ஒன்றைத் திருகி, மற்ற எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுப் பாருங்கள். தொட்டி நீர் என்றால் கேஜே வேண்டாம்: தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து ஷவர் வாய் வரை எத்தனை மீட்டர் என்று அளந்து பத்தால் வகுத்தால் போதும். 5 மீட்டர் என்றால் அரை பார்.

அடுத்தது ஓட்டம். குழாயை முழுதாகத் திறந்து ஒரு வாளியில் 10 விநாடி பிடியுங்கள். லிட்டரில் அளந்து ஆறால் பெருக்கினால் நிமிட ஓட்டம். ஷவரில் சூடு, குளிர் இரண்டையும் திறந்தே அளக்க வேண்டும். சாதாரணத் துளை வழியே வரும் தண்ணீர் அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும்: அழுத்தம் நான்கு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்கு. 1 பாரில் 5 லிட்டர் தரும் குழாய் 4 பாரில் 10 லிட்டர் கொட்டும். அதாவது தொட்டி வீட்டில் சிக்கனமாகத் தெரிகிற குழாய், பிரஷர் பம்ப் வைத்த அன்றே வரம்பைத் தாண்டிவிடும்.

ரப்பர் வளையம் உள்ள ஓட்டக் கட்டுப்படுத்திகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அழுத்தம் கூடக்கூட வளையம் நசுங்கித் துளையை அடைக்கும். ஓட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். ஆனால் அழுத்தம் மிகக் குறைந்தால் அட்டையில் சொன்ன அளவை அது எட்டாது. அரை பார் வீட்டுக்கு இதை வாங்கித் தரவே மாட்டேன். அங்கே குறைந்த அழுத்தத்துக்கென்றே செய்த ஷவர்தான் சரி.

குழாய் நுனியில் தண்ணீரோடு காற்றைக் கலந்துவிடும் சிறு வலைமூடிதான் ஏரேட்டர். அதை மாற்றுவது எளிது. ஏரேட்டரின் மரை வெளிப்பக்கம் இருந்தால் பெரும்பாலும் 24 மி.மீ, உட்பக்கம் இருந்தால் 22 மி.மீ. துணியைச் சுற்றி ஸ்பேனரால் கழற்றுங்கள், இல்லாவிட்டால் முலாம் கீறிப்போகும். பழைய வாஷர் உள்ளேயே ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டு வாஷர் சேர்ந்தால் பக்கவாட்டில் கசியும். புதியதைக் கையால் இறுக்கினால் போதும். வாளி நிரப்பும் குழாயில் ஏரேட்டர் போட்டு ஒரு பயனும் இல்லை: வாளிக்கு வேண்டியது அதே தண்ணீர்தான், நேரம் மட்டும் கூடும்.

ஷவரில் இரண்டு சிக்கல். உடனடி வாட்டர் ஹீட்டர் பற்றிக்கொள்ளக் குறைந்தபட்ச ஓட்டம் வேண்டும். அதற்கும் கீழே போனால் குளிக்கும்போதே அணைந்துவிடும். ஹீட்டரின் கையேட்டில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஷவர் வாங்குங்கள். சூட்டைச் சமன்செய்யும் மிக்ஸர் வால்வும் ஓட்டத்துக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வேறெங்கோ குழாய் திறந்ததும் இங்கே கொதிநீர் கொட்டலாம். பல தலை ஷவருக்கு வரம்பு மொத்தத்துக்கா, தலைக்கு ஒன்றா என்பதில் அமெரிக்க விதி 2020 டிசம்பரில் ஒரு பக்கமும் 2021 டிசம்பரில் மறுபக்கமும் சாய்ந்தது. 2025 ஏப்ரலில் அதிபர் ஆணை அந்த வரையறையையும் நீக்கச் சொன்னது. விதி எப்படிச் சாய்ந்தாலும் வாளி மொத்தத்தைத்தான் காட்டும்.

அதிகத் தண்ணீரும் அதிகத் தவறும் கழிப்பறையில்தான். அமெரிக்க வரம்பு ஒரு ஃபிளஷ்ஷுக்கு 6 லிட்டர். பிரிட்டனில் 2001 முதல் புதிதாகப் பொருத்துபவற்றுக்கும் அதே 6. ஆஸ்திரேலியாவின் லேபிள் முறையில் இரட்டைப் பொத்தான் டேங்குக்கு ஒரு முழு, நான்கு பாதி ஃபிளஷ் என்று சராசரி எடுப்பார்கள், 4.5/3 லிட்டர் டேங்க் அந்தக் கணக்கில் 3.3 வரும். உங்கள் டேங்கை அளக்க வாட்டர் மீட்டரே நல்லது: வீட்டில் எல்லாவற்றையும் மூடி, எண்ணைக் குறித்து, ஒருமுறை ஃபிளஷ் செய்து, டேங்க் நிரம்பி நின்றதும் மறுபடி பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் டேங்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் வால்வை மூடி, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து, ஃபிளஷ் செய்து, அளவுக் குவளையால் கோடு வரை நிரப்புங்கள். இதில் உண்மையை விடச் சற்றுக் குறைவாகவே வரும். நிஜத்தில் டேங்க் காலியாகும்போதே புதுத் தண்ணீரும் உள்ளே வந்துகொண்டிருக்கும்.

டேங்கை மட்டும் மாற்றாதீர்கள். 13 லிட்டருக்கு வார்த்த கோப்பையின் வளைவு 6 லிட்டரில் முழுதாக இழுக்காது. 1990களில் அமெரிக்காவில் வந்த முதல் 6 லிட்டர் கழிப்பறைகளில் பல கெட்ட பெயர் வாங்கியது இதனால்தான்: உள்வடிவத்தைச் சரியாக மாற்றாமல் தண்ணீரை மட்டும் குறைத்தார்கள், மக்கள் இரண்டு முறை அழுத்தினார்கள். இப்போது மலத்துக்குப் பதிலாகச் சோயா விழுது போட்டு எத்தனை கிராம் போகிறது என்று சோதிக்கிறார்கள். அங்கே வாட்டர்சென்ஸ் என்ற நீர்ச்சிக்கன முத்திரைக்கு 4.8 லிட்டருக்குள் 350 கிராமாவது போக வேண்டும். லிட்டரோடு அந்த கிராம் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். டேங்குக்குள் செங்கல் வேண்டாம். கரைந்து வரும் துகள் சீலில் சிக்கி ஒழுகும்.

ஒழுக்கைப் பார்க்க, டேங்கில் சில துளி உணவு நிறம் விட்டு ஃபிளஷ் செய்யாமல் 15 நிமிடம் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அடிச் சீல் போயிற்று. முதலில் கழற்றித் துடைத்துப் பாருங்கள், பாதி நேரம் மணல்தான். டேங்கில் குளோரின் மாத்திரை போட்டு வந்தால் ரப்பர் சீக்கிரமே கெட்டுவிடும். சீல் சரியாக இருந்தும் ஒழுகினால், டேங்குக்குள் நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாயில் வழிகிறதா என்று பாருங்கள். நீர்மட்டம் அதன் வாய்க்கு 25 மி.மீ கீழே நிற்கும்படி ஃப்ளோட்டைத் தாழ்த்துங்கள்.

6 லிட்டருக்குக் கீழே போகுமுன் கழிவுக் குழாயையும் பார்க்க வேண்டும். 100 மி.மீ குழாய் நீளமாகப் படுத்துப் போகிற வீட்டில் மீட்டருக்கு 10 முதல் 20 மி.மீ சரிவு இல்லையென்றால் கழிவு பாதியில் தங்கிவிடும். அங்கே சரிவைச் சரிசெய்த பிறகே கழிப்பறையை மாற்றுங்கள்.