கானா அப்பா, தமிழ் அம்மா, லண்டன் பிள்ளைகள்

என் கணவர் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டின் அசாந்தி இனம், ஊர் குமாசி. நான் தமிழ். பிள்ளைகள் வளர்வது லண்டனில். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது தலைமுடி விஷயம். மொழி, பண்டிகை எல்லாம் அப்புறம்.

சுருள்முடியைக் காய்ந்த தலையில் சீப்பு வைத்து இழுக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, நாலைந்து பாகமாகப் பிரியுங்கள். அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி, சிக்கு விட விட வேர்ப்பக்கம் ஏறுங்கள். இரவில் சாட்டின் தொப்பி மாட்டிவிட்டால் காலையில் பாதி வேலை மிச்சம். இறுக்கிப் பின்னினால் நெற்றியோரம் முடி கொட்டும். வலிக்கிறது என்றால் அவிழ்த்துவிடுங்கள். "இந்த முடியோடு மல்லாட முடியலையே" என்ற புலம்பல் மட்டும் வேண்டாம். பிள்ளை கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கும்.

பள்ளியில் ஆஃப்ரோ (சுருள்முடியை அப்படியே விரித்து விடுவது), கார்ன்ரோ (தலையோடு ஒட்டி வரிசையாகப் பின்னுவது) கூடாது என்றால் பணிந்து போகாதீர்கள். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் இருக்கிறது. விதிவிலக்கே தராமல் இப்படித் தடுக்கும் பள்ளி விதிகள் பெரும்பாலும் சட்டவிரோதமாகவே இருக்கும் என்று சமத்துவ, மனித உரிமை ஆணையம் 2022 அக்டோபரில் வழிகாட்டி வெளியிட்டது. இரண்டையும் குறிப்பிட்டு, எழுத்தில் பதில் கேளுங்கள்.

அசாந்தியும் அடங்கிய அக்கான் மக்களிடம் பிறந்த கிழமைக்கு ஒரு பெயர் உண்டு. வெள்ளி என்றால் பையன் கோஃபி, பெண் அஃபுவா. சனி என்றால் குவாமே, அமா. அதைப் பிறப்புச் சான்றிதழிலேயே சேர்த்துவிடுங்கள். வீட்டில் மட்டும் கூப்பிடும் பெயர் பள்ளிக்கூடம் போனதும் வழக்கொழிந்துவிடும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. அக்கான் குலம் தாய்வழி வருவது. அம்மா தமிழ் என்றால், பழைய முறைப்படி பிள்ளைக்கு 'அபுசுவா' என்கிற குலம் இல்லை. பேரும் அன்பும் அப்பா வழியில் வரும், குலம் வராது. பிள்ளை வளர்ந்து யாரோ சொல்லிக் கேட்பதைவிட நீங்களே சாதாரணமாகச் சொல்லிவைப்பது நல்லது. அதனாலேயே அத்தைமாரோடு பேச்சு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூத்தவர்களுக்கு முதலில் வணக்கம் சொல்வது, வலக்கையால் கொடுப்பது, இதெல்லாம் நமக்கும் பழக்கம்தானே, சிரமமே இல்லை.

அசாந்தி மக்கள் பேசும் ட்வி மொழிக்கு வகுப்பு தேடும் முன் அப்பாவை ட்வியில் பேசச் சொல்லுங்கள். வீடியோ அழைப்பில் "பாட்டிக்கு ரெண்டு வார்த்தை சொல்லு" என்றால் பிள்ளை ஓடிவிடும். நிலக்கடலை சூப் எப்படி வைப்பது என்று பாட்டியையே கேட்கவிடுங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் பேச்சு தானாக நீளும்.