போஸ்ட்கிரெஸுக்குள் ஓடும் எக்ஸ்டென்ஷனுக்குக் கோட் கவரேஜ் எடுப்பது எப்படி?

டெஸ்ட் ஓட்டும்போது கோடின் எந்தெந்த வரிகள் ஓடின என்று அளப்பதுதான் கோட் கவரேஜ். தனியாக ஓடும் சி நிரலுக்கு அதை எடுப்பது எளிது. கம்பைல் செய்து, ஓட்டி, அறிக்கையைப் பார்த்தால் வேலை முடிந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் எக்ஸ்டென்ஷன் அப்படித் தானாக ஓடாது, சர்வர்தான் அதை ஏற்றி ஓட்டுகிறது. எந்த யூசராக ஓடுவது, எப்போது முடிவது என்பதெல்லாம் சர்வர் கையில். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆன பிறகும் அறிக்கை 0% காட்டுவது பெரும்பாலும் இதனால்தான். வரிகள் ஓடியிருக்கும், எத்தனை முறை ஓடின என்ற எண்ணிக்கை மட்டும் வட்டுக்கு வந்து சேர்ந்திருக்காது.

லினக்ஸ், ஜிசிசி (சி கம்பைலர்), போஸ்ட்கிரெஸின் டெவலப்மென்ட் பேக்கேஜ், எல்கவ் (கவரேஜ் அறிக்கைக் கருவி) ஆகியவை போதும். சர்வரை மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம்.

படி 1: உங்கள் யூசரிலேயே ஒரு கிளஸ்டர்

இனிட்டிபி கட்டளையால் சோதனைக்கென்று தனி கிளஸ்டர் (ஒரு சர்வர் நிர்வகிக்கும் டேட்டாபேஸ் தொகுப்பு) உருவாக்குங்கள். ரூட்டாக இருந்தால் அது மறுத்துவிடும். போர்ட்டை 5433 என வையுங்கள். டெபியன், உபுண்டுவில் சாக்கெட் டைரக்டரியை டெம்ப் டைரக்டரிக்கு மாற்றாவிட்டால் சர்வர் கிளம்பாது.

தனி கிளஸ்டர் எதற்கு? கம்பைல் ஆகும்போதே ஆப்ஜெக்ட் ஃபைல் இருக்கும் முழுப் பாதையும் நிரலுக்குள் பதிந்துவிடும். எண்ணிக்கை ஃபைலும் அதே இடத்தில்தான் எழுதப்படும். சிஸ்டத்தோடு வந்த சர்வர் 'போஸ்ட்கிரெஸ்' என்ற யூசராக ஓடுவதால், உங்கள் ஹோம் டைரக்டரியில் எழுத அதற்கு அனுமதி இருக்காது.

படி 2: கம்பைல்

பழைய ஆப்ஜெக்ட்களை மேக் கிளீன் கொடுத்து நீக்குங்கள். பிறகு மேக் கொடுக்கும்போது கூடுதல் கம்பைலர் விருப்பங்களுக்கான சிஓபிடி என்ற மாறியில் '--கவரேஜ் -ஓ0' என்று கொடுங்கள். ஆப்டிமைசேஷனை அணைக்காவிட்டால் வரிகள் ஒன்றோடொன்று கலந்து, அறிக்கை குழப்பும். ஒவ்வொரு சி ஃபைலுக்கும் ஒரு ஜிசிஎன்ஓ ஃபைல் (கோடின் வரி அமைப்பைக் குறித்து வைப்பது) உருவாகியிருந்தால் சரி. மேக் இன்ஸ்டாலுக்கு மட்டும் சூடோ போதும்.

படி 3: டெஸ்ட்

பிஜிஹோஸ்ட், பிஜிபோர்ட் என்ற சூழல் மாறிகள் இரண்டையும் புதிய கிளஸ்டருக்குத் திருப்பிவிட்டு, எக்ஸ்டென்ஷனின் டெஸ்ட்களை ஓட்டும் மேக் இன்ஸ்டால்செக் கொடுங்கள்.

படி 4: எண்ணிக்கை வந்து சேர்ந்ததா?

கவனம் தேவைப்படும் இடம் இதுதான். எண்ணிக்கை முதலில் மெமரியில் இருக்கும். பிராசஸ் முறையாக வெளியேறும்போதுதான் ஜிசிடிஏ ஃபைலாக எழுதப்படும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ஒரு பிராசஸைக் கிளப்புவதால், செஷன் முடிந்ததும் அந்தச் செஷனின் எண்ணிக்கை ஃபைலில் சேர்ந்துவிடும். பல பிராசஸ்கள் ஒரே ஃபைலில் எழுதினாலும் ஜிகவ் (ஜிசிசியோடு வரும் கவரேஜ் கருவி) பூட்டு போட்டுக் கூட்டிக்கொள்ளும். கனெக்ஷன்களைத் திறந்தே வைத்து மறுபடி பயன்படுத்தும் கனெக்ஷன் பூலர் நடுவில் இருந்தால், டெஸ்ட் முடிந்த பிறகும் செஷன் முடியாமல் இருக்கலாம். டெஸ்ட்டுக்கு நேரடிக் கனெக்ஷனே நல்லது.

பின்னணியில் தொடர்ந்து ஓடும் பேக்கிரவுண்ட் ஒர்க்கர் பிராசஸ் இருந்தால் சர்வரை நிறுத்திய பிறகுதான் அதன் கணக்கு வரும். நிறுத்தும்போது 'ஃபாஸ்ட்' முறையைப் பயன்படுத்துங்கள். 9.5 பதிப்பிலிருந்து இயல்பாக இருப்பதும் அதுவே. 'இமீடியட்' முறையில் பிராசஸ்கள் எதையும் எழுதாமல் உடனே வெளியேறிவிடும். ஏதாவது ஒரு பிராசஸ் கிராஷ் ஆனாலும் இதே கதி: சர்வர் மற்ற எல்லாவற்றையும் அப்படியே வெளியேற்றும், அப்போது ஓடிக்கொண்டிருந்த செஷன்களின் எண்ணிக்கை போய்விடும். கவரேஜ் திடீரென்று குறைந்தால் முதலில் சர்வர் லாகில் கிராஷ் இருக்கிறதா என்று பாருங்கள்.

எக்ஸ்டென்ஷனை, சர்வர் கிளம்பும்போதே ஏற்றும் ஷேர்ட் ப்ரீலோட் பட்டியலில் சேர்த்திருந்தால், தாய் பிராசஸில் ஒரே முறை ஓடும் தொடக்க ஃபங்ஷன் பல முறை ஓடியதாகத் தெரியும். பிரியும் ஒவ்வொரு பிராசஸும் அந்த எண்ணிக்கையையும் நகலெடுத்துக்கொண்டு போவதுதான் காரணம். வரி ஓடியதா இல்லையா என்பது மாறாது, எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம்.

படி 5: அறிக்கை

எல்கவ்வின் கேப்சர் கட்டளையைச் சோர்ஸ் டைரக்டரியில் ஓட்டி, கிடைக்கும் ஃபைலை வலைப்பக்க அறிக்கை உருவாக்கும் ஜென்ஹெச்டிஎம்எல்லுக்குக் கொடுங்கள். கம்பைல் செய்த ஜிசிசியும் ஜிகவ்வும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும்.

சிவப்பாகத் தெரியும் (ஓடாத) வரிகளில் பெரும்பங்கு பிழை கையாளும் பகுதிகளாக இருக்கும். நல், தவறான வகை, எல்லை மீறிய எண் என்று கெட்ட உள்ளீடுகளைக் கொடுத்து டெஸ்ட் எழுதுங்கள். நிபந்தனைகளின் ஒவ்வொரு கிளையும் ஓடியதா என்று பார்க்கும் கிளைக் கவரேஜை இப்போதைக்கு விட்டுவிடலாம். போஸ்ட்கிரெஸின் மேக்ரோக்கள் நீங்கள் எழுதாத கிளைகளையும் அதில் சேர்த்துவிடும்.

கோடை மாற்றி மறுபடி கம்பைல் செய்யும்போதெல்லாம் பழைய ஜிசிடிஏ ஃபைல்களை அழித்துவிட்டு டெஸ்ட்டை ஓட்டுங்கள்.