சமஉயரக் கோட்டு மாதிரி: அட்டையில் நிலத்தை அடுக்குவது

வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது சமஉயரக் கோடு. ஒவ்வொரு கோட்டின் வடிவிலும் அட்டையை வெட்டி அடுக்கினால் நிலத்தின் மாதிரி கிடைக்கும். 1:500 அளவில் (நிஜத்தில் 500 பங்கு, மாதிரியில் 1 பங்கு) 1 மீட்டர் உயரம் 2 மி.மீ. ஆகும். ஆகவே 1 மீட்டர் உயர இடைவெளிக் கோடுகளுக்கு 2 மி.மீ. அட்டை சரியாகப் பொருந்தும். அட்டை வாங்கியதும் தடிமனை அளந்து பாருங்கள், 1.8 மி.மீ. இருந்தால் பத்து அடுக்கில் 2 மி.மீ. குறையும், அதாவது ஒரு மீட்டர் உயரமே காணாமல் போகும்.

வரைபடத்தின் இரண்டு நகல்களை இரண்டு அட்டைகளில் ஒட்டுங்கள். கோடுகளைக் கீழிருந்து எண்ணி, ஒன்றில் ஒற்றைப்படைக் கோடுகளையும் மற்றதில் இரட்டைப்படைக் கோடுகளையும் மட்டும் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் வெட்டாமல் விட்ட நடுக்கோடுதான் அடுத்த அடுக்கை வைக்கும் அடையாளம். அட்டை மிச்சமாகும், ஆனால் உள்ளே வெற்றிடம் விழும். அங்கே அதே தடிமனில் சிறு துண்டுகளைத் தாங்கலாக வையுங்கள்.

வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசுங்கள். அதிலுள்ள நீரை உறிஞ்சித்தான் அட்டை வளைகிறது. ஒரு இரவு கனமான புத்தகங்களின் அடியில் இருக்கட்டும்.

தட்டையான கடற்கரை நிலத்துக்குச் சிலர் உயரத்தை இரட்டிப்பாக்குவார்கள். செய்யலாம், ஆனால் மாதிரியிலேயே எழுதிவையுங்கள்: 1:12 சாய்தளம் (12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏறுவது) அதில் 1:6 ஆகத் தெரியும். மரங்களை அளவுக்கு மீறிப் பெரிதாக வைத்துத்தான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். 10 மீட்டர் விரிந்த மரம் இங்கே வெறும் 2 செ.மீ.