கிரிக்கெட் ‘பேட்’: ஏகாரத்தை விட்டு வெளியே வருவது எப்படி?

ஹைகோர்ட் கிளையில் போடும் கேஸும் வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரும் மதுரையில் ஒரே உச்சரிப்புதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உயிரொலி வேறு. தமிழில் எ, ஏ என இரண்டே இடம். ஆங்கிலத்தின் மூன்று ஒலிகள் (bet, bait, bat சொற்களின் உயிரொலிகள்) அங்கே நெருக்கியடிக்கின்றன. அயல்மொழியின் இரு ஒலிகள் தாய்மொழியின் ஒரே ஒலிக்குள் விழுந்தால், காதால் அவற்றைப் பிரிப்பது கடினம் என்று பேச்சொலி ஆய்வாளர் கேத்தரின் பெஸ்ட் 1995இல் விளக்கினார். அதனால் முதலில் காதுக்குத்தான் பயிற்சி.

1. பந்தயம் கட்டும் ‘பெட்’ (bet), கிரிக்கெட் ‘பேட்’ (bat): இரண்டையும், ஒரு சொல்லை யூடியூபில் பலர் பேசுவதைத் தேடித் தரும் யூகிளிஷ் தளத்தில் கேளுங்கள். அகராதியின் ஒற்றைக் குரல் போதாது. பல குரல்களில் கேட்டால்தான் எது ஆளின் குரல், எது ஒலியின் தன்மை என்று காது பிரித்தறியும்.

2. இனி வாய்: ‘பேட்’ ஒலியைச் சொல்லிப் பழக வேண்டும். பெரும்பாலோர் தடுக்குவது இங்கேதான். குறில், நெடில் பழகிய நமக்கு, வேறுபாடு என்றதும் ஒலியை நீட்டத் தோன்றும். நீட்டினால் ஏகாரம்தான் வரும். நீட்டாதீர்கள். ‘எ’ சொல்லத் தொடங்கி, நாக்கு நுனி கீழ்ப்பல்லைத் தொட்டபடியே இருக்க, தாடையை மட்டும் இறக்குங்கள். பல்வரிசைகளுக்கு நடுவே ஆள்காட்டி விரல் படுக்கையாக நுழைய வேண்டும். நாக்கு பின்னே நழுவினால் ‘ஆ’ ஆகிவிடும்.

3. சரியாக வந்ததா என்பதை, பேச்சொலியை ஆராயும் பிராட் (Praat) மென்பொருளில் அளந்து பாருங்கள். போர்ஸ்மாவும் வீனிங்கும் ஆம்ஸ்டர்டாமில் உருவாக்கியது, இலவசம். மதிப்பெண் போடும் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. எதை மாற்ற வேண்டும் என்று அவை பெரும்பாலும் சொல்வதில்லை. இரண்டு சொற்களையும் மோனோவில் (ஒற்றைத் தடத்தில்) பதியுங்கள். ஃபேன் இரைச்சல் அளவைக் கெடுக்கும். சித்திரை வெயிலில் அதை நிறுத்த முடியாது, விடிகாலையே நல்லது. அளக்கப்போவது ஃபார்மன்ட், அதாவது வாயின் வடிவத்தால் வலுப்பெறும் அதிர்வெண். அதைத் தேடும் உச்ச வரம்பான ஃபார்மன்ட் சீலிங் ஆண் குரலுக்கு 5000, பெண் குரலுக்கு 5500 ஹெர்ட்ஸ். உயிரொலியின் நடுப்பகுதியில் கிளிக் செய்து எஃப்1 விசையை அழுத்துங்கள்; முதல் ஃபார்மன்ட்டின் அளவு வரும். (லேப்டாப்பில் எஃப்என் விசையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம்.)

பீட்டர்சன், பார்னி 1952இல் வெளியிட்ட அமெரிக்க சராசரிப்படி முதல் ஃபார்மன்ட், ஆண்களுக்கு ‘பெட்’ ஒலியில் 530, ‘பேட்’ ஒலியில் 660 ஹெர்ட்ஸ். பெண்களுக்கு 610, 860. இதே எண்கள் வர வேண்டியதில்லை. தாடை இறங்க இறங்க இந்த எண் உயரும்; இரண்டு சொற்களுக்கும் இடைவெளி 100க்கு மேல் இருந்தால் தாடை இறங்குகிறது என்று பொருள்.

பின்சேர்க்கை: ‘மென்’ (men), ‘மேன்’ (man) சொற்களை வைத்து அளந்து எண்கள் தாறுமாறாக வந்தால் பயப்பட வேண்டாம். மூக்கொலி பக்கத்தில் இருந்தால் பிராட் ஃபார்மன்ட்டைத் தவறாகப் பிடிக்கும். வல்லினத்தில் முடியும் சொற்களையே அளங்கள்.