ஹப் வாங்கும் முன் லேப்டாப்பின் போர்ட்டைப் பாருங்கள்

லேப்டாப்பின் ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரித்துத் தரும் ஹப்பில் எத்தனை துளைகள் என்று எண்ணிப் பார்த்து வாங்குகிறவர்களே அதிகம். ஆனால் அத்தனை துளைகளும் லேப்டாப்பின் ஒரே யுஎஸ்பி-சி போர்ட்டில்தான் போய் முடிகின்றன. அந்தப் போர்ட் கொடுப்பதைத்தான் ஹப் பங்குபோட முடியும்.

அதனால் முதலில் உங்கள் லேப்டாப்பின் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலைத் தேடுங்கள். தரவு வேகம் எவ்வளவு, டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (யுஎஸ்பி-சி வழியாகவே மானிட்டருக்குப் படம் அனுப்பும் வசதி) உண்டா, அந்தப் போர்ட் வழியாகச் சார்ஜ் ஏறுமா? இந்த மூன்றும் தெரிந்தாக வேண்டும். போர்ட்டின் வடிவத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 5 ஜிகாபிட் போர்ட்டும் தண்டர்போல்ட் 4 எனும் 40 ஜிகாபிட் அதிவேகப் போர்ட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆல்ட் மோட் இல்லாத சாதாரண போர்ட்டில், வழக்கமான ஹப் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் அதன் எச்டிஎம்ஐயில் படம் வராது.

அதிகம் ஏமாற்றுவது மானிட்டர் விஷயம்தான். யுஎஸ்பி-சியில் அதிவேகத் தடங்கள் நான்கு. யுஎஸ்பி 3 வேகமும் வேண்டுமென்றால் ஹப் இரண்டு தடங்களைத் தரவுக்கு விட்டு, மீதி இரண்டில் படத்தை அனுப்பும். டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பு 1.2 என்றால் அந்த இரண்டு தடங்களில் 4கே படம் 30 ஹெர்ட்ஸில்தான், அதாவது நொடிக்கு 30 முறைதான், போகும். மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகரும். 60 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் லேப்டாப், ஹப் இரண்டுமே டிஸ்ப்ளேபோர்ட் 1.4 ஆக இருக்க வேண்டும். பெட்டியில் வெறுமனே '4கே' என்று போட்டிருந்தால் 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மானிட்டர்களா? ஒரே இணைப்பில் பல திரைகளை ஓட்டும் எம்எஸ்டி முறை விண்டோஸில் வேலை செய்யும். மேக்கில் இரண்டு மானிட்டரிலும் ஒரே படம்தான் தெரியும். அங்கே தண்டர்போல்ட் டாக் (மேசையில் வைக்கும் பெரிய ஹப்) எடுக்கலாம், ஆனால் எத்தனை வெளித் திரைகளை அந்த மேக் ஏற்கும் என்று பார்த்துக்கொண்டு. படத்தைச் சாதாரண யுஎஸ்பி தரவாகவே அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் டாக் இன்னொரு வழி. அது ஆல்ட் மோட் இல்லாமலும் ஓடும். ஆனால் தனி மென்பொருள் நிறுவ வேண்டும், பிராசஸருக்குச் சுமை கூடும், நகல் தடுப்புக் காப்புள்ள திரைப்படங்கள் சில நேரம் கறுப்பாகத் தெரியும். கணக்கு வழக்குக்குப் போதும், கேம் ஆட வேண்டாம்.

மின்சாரத்தில் ஒரு நுணுக்கம். '100 வாட்' என்பது பெரும்பாலும் ஹப்புக்குள் வரும் அளவு. தனக்கும் மாட்டிய கருவிகளுக்கும் சுமார் 15 வாட் ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் லேப்டாப்புக்கு விடும். ஆகவே 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்குக் குறைந்தது 80 வாட்டுக்கு மேற்பட்ட சார்ஜர் தேவை. 60 வாட்டைத் தாண்டினால் கேபிளும் 5 ஆம்பியர் தாங்க வேண்டும். ஃபோனுடன் வந்த சி கேபிளை நம்ப வேண்டாம்; அவற்றில் பல 480 மெகாபிட் தரவுக்கு மேல் தராதவை.

தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இரண்டை மாட்டினால், மின்சாரம் போதாமல் டக்டக்கென்று சத்தமிட்டுத் துண்டித்துக்கொள்ளும். ஒரு மேசையிலேயே வேலை என்றால் தன் அடாப்டருடன் வரும் டாக்கை வாங்குங்கள். பையில் போட்டு அலைபவருக்குச் சின்ன ஹப்.

வயர்லெஸ் மவுஸ் திணறினால் மவுஸைக் குறை சொல்லாதீர்கள். யுஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும். மவுஸின் யுஎஸ்பி ரிசீவரை ஒரு சிறிய நீட்டிப்பு கேபிளில் தள்ளி வையுங்கள்.

வாங்கியதும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாட்டி அரை மணி நேரம் பெரிய கோப்பை நகலெடுத்துப் பாருங்கள். ஹப் சூடாவது இயல்பு. டிஸ்க் விட்டு விட்டு வந்தால் இயல்பல்ல. நகலெடுக்கும்போது மட்டும் ஹப்பின் சார்ஜரைப் பிடுங்காதீர்கள். ஹப்பும் லேப்டாப்பும் மின் பகிர்வை மறுபடி பேசி முடிக்கும் அந்த நொடியில் பல ஹப்களில் எல்லாக் கருவிகளும் ஒருமுறை துண்டிக்கப்படும், பாதி எழுதிய கோப்பு கெட்டுவிடும்.