எப்போது திறப்பது? பெருந்தொற்றுக் கால விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனா பரவிய 2020 ஏப்ரல் 24 அன்று தமிழக அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26ஆம் தேதி முதல் நான்கு நாட்களுக்கும், சேலம், திருப்பூரில் மூன்று நாட்களுக்கும் முழு ஊரடங்கு; மளிகைக் கடைகூடத் திறக்காது. இடையில் இருந்தது ஒரே நாள். அந்த 25ஆம் தேதி காலையில் கோயம்பேடு சந்தையிலும் நகரின் மற்றக் கடைகளிலும் கூடிய கூட்டத்தைக் கண்டு, கடைகள் கூடுதலாக இரண்டு மணி நேரம் திறந்திருக்க அன்றே அனுமதிக்க வேண்டியதாயிற்று. மே 5 அன்று கோயம்பேடு சந்தையே மூடப்பட்டது. அதற்குள் அங்கு வேலை செய்த சுமைதூக்கும் தொழிலாளர்கள் ஊர் திரும்பிவிட்டதால், கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்களில் தொற்று எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. ஏப்ரல் முழுவதும் நெரிசலாகவே இயங்கிய சந்தை அது என்பதால் அந்த ஒரு காலையின் மீது பழி முழுவதையும் போட முடியாது. ஆனாலும், மூடுவது பாதுகாப்பு, திறப்பது ஆபத்து என்று இரண்டே பெட்டிகளில் எல்லாவற்றையும் அடைத்துப் பேசுவோர் அந்தக் காலையை எந்தப் பெட்டியில் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மூடும் விதமும் தொற்றைப் பரப்பக்கூடும் என்பதை ஏற்காமல், வணிக நிறுவனங்களை எப்போது திறப்பது என்ற விவாதத்தைத் தொடங்குவதே முதல் தவறு.

அதையொட்டியே வருவது நேரக் குறைப்பின் மீதான நம்பிக்கை. அத்தியாவசியக் கடைகள் பிற்பகல் 1 மணி வரை மட்டுமே இயங்கலாம் என்று அதே ஏப்ரலில் விதித்தபோது, அது கண்டிப்பான நடவடிக்கையாகத் தோன்றியது. ஆனால் ஒரு தெருவுக்குத் தேவையான அரிசியும் பருப்பும் நேரத்தைக் குறைப்பதால் குறைந்துவிடுவதில்லை. நாள் முழுவதும் பரவலாக வந்துபோக வேண்டியவர்கள் ஏழு மணி நேரத்துக்குள் வந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான். கடை எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்பதைக் காட்டிலும் ஒரே வேளையில் உள்ளே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே பொருட்படுத்த வேண்டிய கணக்கு.

பொருளாதாரத்தின் பக்கம் நின்று வாதிடுவோர் செய்யும் பெரிய தவறு வேறு. அரசாணை ஒரு தண்ணீர்க் குழாய் போலவும், அதைத் திறந்துவிட்டால் வியாபாரம் பாய்ந்து வந்துவிடும் என்றும் அவர்கள் கருதுகிறார்கள். அமெரிக்காவில் கைப்பேசி இருப்பிடத் தரவுகளைக் கொண்டு சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் ஆஸ்டன் கூல்ஸ்பீயும் சாட் சைவர்சனும் 2020இல் செய்த ஆய்வில், கடைகளுக்கு வாடிக்கையாளர் வருகை 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்திருந்தது. அதில் ஏறத்தாழ 7 புள்ளிகளுக்கு மட்டுமே சட்டக் கட்டுப்பாடுகள் காரணம். மீதிச் சரிவில் பெரும்பங்கு மக்கள் தாமாகவே ஒதுங்கியதால் நேர்ந்தது. டென்மார்க் கடைகளை மூடியது, சுவீடன் பெரும்பாலும் மூடவில்லை. இருந்தும் 2020 வசந்த காலத்தில் டென்மார்க்கில் நுகர்வோர் செலவு சுமார் 29 விழுக்காடு குறைந்தபோது சுவீடனிலும் சுமார் 25 விழுக்காடு குறைந்தது என்று வங்கிப் பரிவர்த்தனைகளை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். நோய்க்கு அஞ்சி வீட்டில் இருப்பவரை ‘கடை திறந்திருக்கிறது’ என்ற பலகை வெளியே இழுத்துவிடாது. இதே சான்றைத் தலைகீழாகத் திருப்பி, ஊரடங்கால் பொருளாதாரத்துக்கு இழப்பே இல்லை என்று வாதிடுவதும் சரியாகாது. மார்ச் 25 முதல் நாடே ஒட்டுமொத்தமாக நிறுத்தப்பட்ட இந்தியாவில், 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டின் உள்நாட்டு உற்பத்தி முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 விழுக்காடு சுருங்கியதாக முதல் மதிப்பீடு கூறியது. அச்சத்தின் விலை ஒன்று, ஆணையின் விலை ஒன்று. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

அடுத்தது அவசரத் தீர்ப்பு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் ஏப்ரல் 24 அன்று உடற்பயிற்சிக் கூடங்களையும் முடிதிருத்தும் கடைகளையும், 27ஆம் தேதி உணவகங்களையும் திறக்க அனுமதித்தது. பெரும் அழிவு வரும் என்றார்கள். மூன்று வாரம் கழித்தும் எதுவும் நடக்காததால், எச்சரித்தவர்கள் கேலிக்கு உள்ளானார்கள். ஜூன் பிற்பகுதியில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது, ஜூலையில் அந்தக் கோடையின் உச்சத்தைத் தொட்டது. இரு தரப்புமே நாட்காட்டியைத் தவறாகப் படித்திருந்தன. தொற்றியவருக்கு அறிகுறி தெரியச் சராசரியாக 5 நாட்கள், சிலருக்கு 14 நாட்கள் வரை ஆகலாம். பிறகு பரிசோதனை, முடிவு, மருத்துவமனை, மரணம் என்று ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளியே வரும். கதவு திறந்த அன்றே எல்லோரும் உள்ளே வந்துவிடுவதும் இல்லை. பயம் தெளியத் தெளிய, வாரக்கணக்கில் கூட்டம் சேர்கிறது. ஆகவே திறப்பின் விளைவை முதல் பத்து நாட்களில் அளப்பவர் உண்மையில் அளப்பது திறப்பதற்கு முந்தைய காலத்தைத்தான்.

‘வணிக நிறுவனங்கள்’ என்ற ஒற்றைச் சொல்லும் நிறையக் குழப்பத்தை உண்டாக்குகிறது. மளிகைக் கடையும், மதுக்கூடமும், குளிரூட்டப்பட்ட துணிக்கடையும், தெருவோரத் தேநீர்க் கடையும் ஒரே பட்டியலில் ஒரே தேதிக்குக் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நடந்த தொடர்பறிதல் பணியின் தரவுகளை ஆராய்ந்து 2020 செப்டம்பரில் வெளியான ஆய்வு, தொற்று உறுதியான 84,965 பேரையும் அவர்களுடன் தொடர்பிலிருந்த 5,75,071 பேரையும் கணக்கில் எடுத்தது. பத்தில் ஏழு நோயாளிகளிடமிருந்து, தடமறியப்பட்ட யாருக்குமே தொற்று போனதாகத் தெரியவில்லை. அதாவது, பரவலின் பெரும்பகுதி ஒரு சிலரால், சில இடங்களில், சில வேளைகளில் நிகழ்ந்தது. அந்த இடங்களுக்கான பொதுத் தன்மை அன்றைக்கே ஓரளவு தெரிந்திருந்தது: மூடிய அறை, அசையாத காற்று, நீண்ட நேரம், உரத்த குரல். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் மாவட்டத்தில் மார்ச் 10 அன்று சேர்ந்திசைப் பயிற்சிக்கு வந்த 61 பேரில் 53 பேருக்கு நோய் வந்தது அல்லது வந்ததாகக் கருதப்பட்டது, இருவர் இறந்தனர். மாறாக, மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொற்றுடனேயே பணியாற்றிய இரண்டு முடிதிருத்துநர்களிடம் வந்த 139 வாடிக்கையாளர்களில் ஒருவருக்கும் அறிகுறி தோன்றவில்லை, பரிசோதித்துக்கொண்ட 67 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை. அங்கே இரு தரப்பினரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். டெக்சாஸ் மாநிலம் மே 22 அன்று மதுக்கூடங்களைத் திறந்து ஜூன் 26 அன்று மூட நேர்ந்ததை ‘திறப்பு தோற்றது’ என்று பொதுவாக எழுதிவிட்டால், எது தோற்றது என்பது மறைந்துபோகும்.

இங்கே நம் டாஸ்மாக் விவாதத்தையும் நினைத்துக்கொள்ளலாம். மே 7 அன்று சென்னை நீங்கலாகக் கடைகள் திறந்தன. வரிசைகளைப் பார்த்த நாடே வாயடைத்துப் போயிற்று. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூட உத்தரவிட்டது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. 16ஆம் தேதி மீண்டும் திறந்தன. அந்த ஒன்பது நாட்களில் பேசப்பட்டவற்றில் பெரும்பகுதி குடிப்பது நல்லதா கெட்டதா என்பதைப் பற்றியது. அது முக்கியமான கேள்விதான், ஆனால் வேறு கேள்வி. வெட்டவெளியில் நிற்கும் வரிசைக்கும் மூடிய மதுக்கூடத்துக்கும் தொற்றியல் நோக்கில் உள்ள வேறுபாட்டைப் பேசியவர்கள் மிகச் சிலரே. ஒரு தொழிலின் மீது நமக்குள்ள மதிப்பையோ வெறுப்பையோ அதன் ஆபத்தின் அளவாக எடுத்துக்கொள்வது கோயில், பள்ளி, திரையரங்கு என்று எல்லாத் திறப்பு விவாதங்களிலும் நுழைந்துவிடுகிற தவறு.

கண்ணுக்குத் தெரியும் ஏற்பாடுகளைப் பாதுகாப்பு என்று கொள்வதும் அப்படியே. வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கப்பட்ட வெப்பமானி, அறிகுறியில்லாமல் தொற்றைச் சுமப்பவரைத் தடுக்காது. கைப்பிடிகளை மணிக்கொரு முறை துடைத்துவிட்டு சன்னல்களை இறுக மூடி வைத்த கடைகளை நாம் எல்லோரும் பார்த்தோம். உணவகங்களில் அமர்ந்து உண்ண ஜூன் 8 முதல் அனுமதித்தபோது, குளிர்சாதனம் இருந்தாலும் இயக்கக் கூடாது என்று தமிழக அரசு விதித்தது. வேர்த்து வழிந்தவர்கள் சலித்துக்கொண்டாலும், என் பார்வையில் அன்றைய விதிகளில் காற்றைப் பற்றிக் கவலைப்பட்ட அரிதான ஒன்று அதுவே.

எண்களை வைத்துப் பேசுவோர் பரிசோதனையின் அளவைச் சொல்லாமல் தொற்று எண்ணிக்கையை மட்டும் நீட்டக் கூடாது. பரிசோதனையைக் குறைத்தால் நோயாளிகளும் ‘குறைவார்கள்’. இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில், பரிசோதிக்கப்பட்டவர்களில் தொற்று உறுதியாவோர் இரண்டு வாரங்களாவது 5 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற அளவுகோலைத் தந்தது. மாநிலச் சராசரியும் ஏமாற்றும். நீலகிரியின் நிலை, தொற்று மிகுந்திருந்த சென்னை ராயபுரத்துக்குப் பொருந்தாது.

உயிரா, வாழ்வாதாரமா என்ற கேள்வியை எழுப்புவோர், யாருடைய உயிர், யாருடைய வாழ்வாதாரம் என்று கூடவே கேட்பதில்லை. திறக்கக் கேட்பவர் பெரும்பாலும் உரிமையாளர். கல்லாவுக்குப் பின்னால் நிற்கப்போகிறவர் வேறொருவர். மூடி வைக்கச் சொல்பவர் பெரும்பாலும் வீட்டிலிருந்தே சம்பளம் பெறக்கூடியவர். வாடகைக்குக் கடை எடுத்தவருக்கும் தினக்கூலிக்கும் அந்த வசதி இல்லை. அரிசி அட்டைக்கு ஒருமுறை வழங்கிய 1,000 ரூபாய் ஒரு குடும்பத்தை எத்தனை நாட்கள் வீட்டில் இருத்தும் என்ற கணக்கைப் போடாமல் இன்னும் இரண்டு வாரம் மூடலாம் என்று பரிந்துரைப்பது பாதிப் பரிந்துரைதான்.

கடைசியாக, எப்போது திறப்பது என்று மாதக்கணக்கில் வாதிடுவோர், எந்த நிலை வந்தால் மீண்டும் மூடுவது என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பதில்லை. 1918 இன்ஃபுளுவென்சாவின்போது அமெரிக்காவின் டென்வர் நகரம் நவம்பர் 11 அன்று தடைகளை நீக்கியது. முதல் உலகப் போர் முடிந்த செய்தி வந்த நாளும் அதுவே. ஊரே தெருவில் கூடியது. நோய் ஏறியதும் நவம்பர் 22 அன்று மீண்டும் மூட ஆணை பிறந்தது. எங்களை மட்டும் ஏன் மூடுகிறீர்கள் என்று திரையரங்கு உரிமையாளர்கள் திரண்டு எதிர்த்தார்கள். அவர்களுக்குக் காட்ட நகரத்தின் கையில் முன்பே ஒப்புக்கொண்ட அளவுகோல் எதுவும் இருக்கவில்லை; மூடும் ஆணை கைவிடப்பட்டு முகக்கவச ஆணையாக மாறியது.